கணினித் திரையிற் புகையிரதம்: சமிக்ஞையும் வேக எல்லையும்

மட்டக்களப்பு நிலையத்தினின்று புறப்படும் புகையிரதம் ஏறாவூர், வந்தாறுமூலை, கல்குடா, வாழைச்சேனை என்னும் ஊர்களைக் கடந்து, புணானைக் காட்டினூடாக வெலிக்கந்தைக்கும், மகாவலி கங்கையைத் தாண்டிப் பொலன்னறுவைக்கும் சென்று, கல் ஓயாச் சந்தியிலே திருகோணமலைப் பாதையோடு கூடி, ஹபரணை வழியாக மாகோவை அடைந்து அங்கே வடபாதையிற் சேர்கின்றது. கொழும்பு வரையிலான மொத்தத் தூரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். 1928 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வரையும் திறந்துவைக்கப்பட்ட இப்பாதை, மாகோ தொடக்கம் வாவிக்கரை வரையும் ஒற்றைப் பாதையாகும். அஃதாவது, வருவதற்கும் போவதற்கும் ஒரேயொரு சோடித் தண்டவாளமே உண்டு. கொழும்புக்குச் செல்லும் வண்டியும் கொழும்பினின்று வரும் வண்டியும் இரவும் பகலும் அத்தண்டவாளத்தின் மீதே ஓடுகின்றன. இவை ஒன்றையொன்று எதிர்ப்பட்டு மோதாதிருப்பது எங்ஙனம் என்னும் வினா, வண்டியினுள்ளே உறங்கிக்கொண்டு செல்லும் பிரயாணிக்கு எழுவதில்லை. எழாதிருப்பதே அந்த ஏற்பாட்டின் சிறப்பு எனலாம்.

ஆயின் இக்காலத்து இளைஞர் சிலருக்கு இவ்வினா வேறொரு வழியால் எழுந்துள்ளது. கணினித் திரையிலே புகையிரதத்தை ஓட்டிப் பழகும் பாவனை மென்பொருள்கள் பல வெளிவந்துள்ளன. யப்பான் நாட்டிலே 1996 இல் விளையாட்டுக் கூடங்களுக்கென வந்த ‘டென்ஷா டி கோ’ என்பது, குறித்த நேரத்திற் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்தும் திறமைக்குப் புள்ளி வழங்கியது. 2001 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘ட்ரெயின் சிமுலேற்றர்’ என்பதை வெளியிட்டது. அதற்கென ஆக்கப்பட்ட பாதைகளையும் வண்டிகளையும் வாசிக்கவல்லதாய், விலையின்றி எவரும் பெறக்கூடியதாய், பலர் கூடி ஆக்கிய ‘ஓப்பன் றெயில்ஸ்’ பின்னர் வந்தது. இதன் உள்ளமைப்பு யாவர்க்கும் திறந்துவைக்கப்பட்டிருத்தலின், சமிக்ஞையும் வேக எல்லையும் எவ்வாறு கணிக்கப்படுகின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது. இக்கட்டுரையிற் பாவனை என்று கூறப்படுவது பெரும்பாலும் இதனையே குறிக்கும்.

இவ்விளையாட்டை முதன்முறை தொடங்குவோர் மோட்டார் வண்டி ஓட்டும் நினைவோடு அமர்வர். விரைவிலே ஏமாற்றம் அடைவர். சக்கரத்தைத் திருப்புவதற்கு இடமில்லை. திசையைத் தீர்மானிப்பது தண்டவாளம். சாரதியிடம் உள்ளவை இரண்டே: வேகத்தைக் கூட்டுதல், குறைத்தல். இவற்றுள் எதனை எப்பொழுது செய்யவேண்டும் என்பதைக் கண்ணாற் கண்டு தீர்மானிக்கவும் இயலாது. தெருவிலே செல்லும் காரின் சாரதி, முன்னே மாடு நிற்பதைக் கண்டபின் பிறேக்கை அழுத்தலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்பொழுது இரண்டுக்கும் இடையிலுள்ள பிடிப்பு மிகக் குறைவு. உருளுதலுக்கு எதிரான தடையும் மிகக் குறைவு; அதனாலேயே ஓர் எஞ்சின் பல நூறு தொன் பாரத்தை எளிதாக இழுக்கின்றது. பிடிப்பின் குறைவினாலேயே அப்பாரத்தை நிறுத்துவது அரிதாகின்றது.

நிறுத்தத் தேவையான தூரத்தைப் பள்ளி மாணவரும் கணித்துவிடலாம். வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இருமடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். ஒரு வண்டியின் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் குறைகின்றது எனக் கொள்வோமாயின், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி 31 மீற்றரில் நிற்கும். 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது 123 மீற்றரிலும், 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது 278 மீற்றரிலும், 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது 494 மீற்றரிலும் நிற்கும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காதல் காண்க. பிறேக்கைப் பிடித்த கணத்திலேயே கடைசிப் பெட்டி வரையும் அது செயற்பட்டுவிடும் என்று வைத்துக்கொண்டே இக்கணக்குச் செய்யப்பட்டது. உண்மையில் அவ்வாறன்று. இலங்கைப் புகையிரதங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் வெற்றிடப் பிறேக்கிலே, வண்டியின் நீளம் முழுவதும் செல்லும் குழாயிலுள்ள வெற்றிடத்துட் காற்றைப் புகவிட்டே சக்கரங்கள் பற்றப்படுகின்றன. அக்காற்று முதற் பெட்டியினின்று கடைசிப் பெட்டிக்குச் சென்று சேரச் சில செக்கன்கள் கழியும். பாவனை மென்பொருள் இத்தாமதத்தையும் விடாது கணிக்கின்றது. புதிதாக ஓட்டுவோர் நிலைய மேடையைத் தாண்டிச் சென்று நிற்பதற்குப் பெருங்காரணம் இதுவே. குழாய் எங்கேனும் அறுந்தாற் காற்றுத் தானே புகுந்து வண்டியை நிறுத்திவிடும் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. பழுது நேர்ந்தால் ஆபத்தின் பக்கமன்றிப் பாதுகாப்பின் பக்கமே சாயவேண்டும் என்னும் இக்கொள்கையைப் பின்னரும் காண்போம்.

கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க இயலாத ஒன்றை ஓட்டுவதற்கு, கண்ணுக்கு எட்டாததை முன்கூட்டி அறிவிக்கும் ஒருவர் வேண்டும். அவ்வறிவித்தலே சமிக்ஞை. ஆதியில் ஒரு வண்டி புறப்பட்டுச் சில நிமிடங்கள் கழிந்தபின் அடுத்த வண்டியை விடுவதே வழக்கமாயிருந்தது. முன்சென்ற வண்டி இடைவழியிற் பழுதடைந்து நின்றுவிட்டால் இந்த நேரக்கணக்கு எதற்கும் உதவாது. ஆதலினால் நேர இடைவெளியை நீக்கி, இட இடைவெளியைக் கைக்கொண்டனர். பாதை பல துண்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு துண்டத்துள் ஒரே சமயத்தில் ஒரே வண்டி என்பது விதி. உலகத்துச் சமிக்ஞை முறைகள் யாவும் எத்தனை நிறமும் எத்தனை வடிவமும் கொண்டு தோன்றினும், இவ்வொரு விதியின் விரிவுரைகளேயாம்.

இரட்டைப் பாதையிலே பின்னால் வரும் வண்டியைத் தடுத்தாற் போதும். ஒற்றைப் பாதையிலே எதிரே வருவதையும் தடுக்கவேண்டும். இங்கிலாந்திலே நோர்விச் நகரத்துக்கு அருகிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில் 1874 செப்ரெம்பர் 10 ஆந் திகதி இரவு, இரு நிலையங்களுக்கிடையே தந்தி மூலம் நிகழ்ந்த ஒரு பிழையான ஏற்பாட்டினால் இரு வண்டிகளும் ஒரே ஒற்றைப் பாதையில் எதிரெதிராக விடப்பட்டன. பிழை உணரப்பட்டபொழுது, வண்டியை நிறுத்துமாறு மறு தந்தி அனுப்பினர். வண்டி புறப்பட்டுவிட்டது என்னும் விடையே வந்தது. இரு நிலையங்களிலும் இருந்தோர் செய்வதற்கு எதுவுமின்றிக் காத்திருந்தனர். சொல்லை மட்டும் நம்பி ஒற்றைப் பாதையில் வண்டி விடலாகாது என்பதை அவ்விரவு காட்டியது. இதன்பின் எட்வேட் ரையர் என்பவர் 1878 இல் உரிமைப் பத்திரம் பெற்ற கருவியே ‘ரப்லெற்’ முறைக்கு மூலமாகும்.

அம்முறை வருமாறு: அடுத்தடுத்துள்ள இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி வைக்கப்படும். இரண்டும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டவை. அவற்றினுள்ளே வட்ட வடிவான உலோக வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் அத்துண்டத்தின் இருபுற நிலையங்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைய அதிபர் மணியடித்து அனுமதி கேட்க, மற்றவர் இசைந்தாலன்றி வில்லையை வெளியே எடுக்க முடியாது. ஒரு வில்லை வெளியே எடுக்கப்பட்டதும் இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அவ்வில்லை ஏதேனும் ஒரு முனையில் மீண்டும் உள்ளே இடப்படும்வரை வேறொரு வில்லை எவர் முயன்றும் வெளிவராது. சாரதியின் கையில் வில்லை இல்லையேல் அவர் அத்துண்டத்தினுட் புகுதல் ஆகாது. ஆகவே, துண்டம் ஒன்று, வெளியே உள்ள வில்லை ஒன்று, வண்டி ஒன்று. மட்டக்களப்புப் பாதையிலும் மலைநாட்டுப் பாதையிலும் தலைமுறை தலைமுறையாக வண்டிகளைக் காத்துவந்தது இம்முறையே. சிறு நிலையத்தில் நில்லாது செல்லும் வண்டி வேகத்தைத் தணிக்க, நிலையத்து ஊழியர் பெரிய கம்பி வளையத்திற் கோத்த தோற்பையை நீட்ட, எஞ்சினில் நிற்பவர் ஒரு கையால் அதனைப் பற்றி மறு கையாற் பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் போவதை இப்பகுதியிற் பிரயாணஞ் செய்தோர் பலர் கண்டிருப்பர். அது வெறும் தபாற்பை என்று நினைத்தோரும் உளர்.

வில்லை துண்டத்தினுட் செல்ல உரிமை தருவது. நிலையத்தினுள் வரலாமா, புறப்படலாமா என்பதைக் கூறுவது கைகாட்டி. பழைய கைகாட்டியின் சிவந்த கை படுக்கையாக நின்றால் நில். கீழே சரிந்தாற் செல். இரவிலே முறையே சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும். நிலைய அதிபரின் நெம்பினின்று வரும் கம்பி அறுந்தால், பாரத்தின் இழுப்பினாற் கை தானே ‘நில்’ என்னும் நிலைக்கு வந்துவிடும்படி இது அமைக்கப்பட்டுள்ளது. இதற்கும் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1876 சனவரியில் இங்கிலாந்தின் அபொட்ஸ் றிப்ரன் என்னுமிடத்திற் கடும்பனி பெய்தபொழுது, ‘செல்’ என்று சரிந்திருந்த கைகள் பனியுறைந்து அவ்வாறே நின்றுவிட்டன. அக்காலத்தில் வண்டி இல்லாத வேளையிற் கையைச் ‘செல்’ என்று விட்டுவைப்பது வழக்கம். நிறுத்தவேண்டியவர் நெம்பைத் திருப்பியும் கை அசையவில்லை, வண்டிகள் மோதின. அதன் பின்னரே, கைகாட்டியின் இயல்பான நிலை ‘நில்’. தேவைப்பட்டபொழுது மாத்திரமே ‘செல்’ என்னும் விதி நிலைபெற்றது.

இவ்விதி கணினியினுள்ளும் அப்படியே குடிபுகுந்திருப்பது வியப்பிற்குரியது. பாவனையிலே ஒவ்வொரு சமிக்ஞைக்கும் இரு கோப்புகள் ஆதாரமாக உள்ளன. ஒன்று அச்சமிக்ஞையின் உருவத்தையும் விளக்குகளையும் அது காட்டக்கூடிய நிலைகளையும் பதிவுசெய்வது. மற்றது எந்நிலையை எப்பொழுது காட்டவேண்டும் என்னும் விதிகளை ஒரு சிறு நிரலாகக் கொண்டது. நிரலின் முதல் வினா பெரும்பாலும், ‘இச்சமிக்ஞையை நாடி ஏதேனும் ஒரு வண்டி வருகின்றதா?’ என்பதே. இல்லையெனின் ‘நில்’ என்று காட்டி, வேறொன்றும் ஆராயாது நிரல் முடிந்துவிடும். திரையிற் பனியுமில்லை, அறுவதற்குக் கம்பியுமில்லை. எனினும் 1876 இற் கற்ற பாடம் ஒரு வரியாக அங்கே நிற்கின்றது.

வண்டி வருகின்றது எனின் அடுத்த வினா எழும்: ‘முன்னேயுள்ள துண்டத்தின் நிலை என்ன?’ இதற்கு மூன்று விடைகளே உண்டு. துண்டம் வெறுமையாக உள்ளது. பிறிதொரு வண்டி அதில் உள்ளது. கிளைப்பாதையின் நாக்கு வேறுபக்கம் திரும்பியிருத்தலால் வழி அடைபட்டுள்ளது. பின்னிரண்டும் ஆயின் ‘நில்’. முதலாவது ஆயின் மூன்றாம் வினா: ‘அடுத்த சமிக்ஞை என்ன காட்டுகின்றது?’ அடுத்தது ‘நில்’ எனக் காட்டினால் இது ‘எச்சரிக்கையோடு செல்’ எனக் காட்டும். அடுத்தது ‘செல்’ எனக் காட்டினால் இதுவும் ‘செல்’. இவ்வாறு ஒவ்வொரு சமிக்ஞையும் தனக்கு முன்னே நிற்பதை மட்டும் கேட்டறிந்து, தனக்குப் பின்னே நிற்பதற்கு விடை கூறுகின்றது. பாதை முழுவதையும் ஒரே பார்வையில் நோக்குவது எதுவுமில்லை. செய்தி கைமாறிக் கைமாறி வருகின்றது. ‘நில்’ என்பதிலிருந்து ‘தடையின்றிச் செல்’ என்பது வரை எட்டு நிலைகளை இம்மென்பொருள் வகுத்துவைத்துள்ளது. ஒவ்வொரு நாட்டினதும் சமிக்ஞை முறையை அவ்வெட்டினுள் அடக்குவது பாதையை ஆக்குவோரின் வேலை. நம் பழைய கைகாட்டிக்கு எட்டில் இரண்டோ மூன்றோ போதும்.

துண்டத்தில் வண்டி உளதா என்பதைக் கணினி அறியும் முறையும் உண்மைப் பாதையை ஒத்ததே. நிறவிளக்குச் சமிக்ஞை உள்ள பாதைகளிலே, தண்டவாளத்தினூடு மெல்லிய மின்னோட்டம் செல்லும். வண்டியின் அச்சும் சக்கரமும் இரு தண்டவாளங்களையும் இணைத்து அவ்வோட்டத்தைத் திசைதிருப்ப, வண்டி உண்டென்று தெரியவரும். பாவனையும் பாதையை இத்தகைய சுற்றுத் துண்டங்களாகவே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதனை உடையது எவ்வண்டி என்று குறித்துவைக்கின்றது. ஒரு வண்டி முன்னேறும்பொழுது தனக்கு முன்னுள்ள துண்டங்களைத் தன்பெயரில் ஒதுக்கிக்கொள்கின்றது. அதன் கடைசிப் பெட்டி கடந்தபின் ஒதுக்கீடு விடுவிக்கப்படுகின்றது. நிலைய அதிபரின் கருவியினின்று வில்லையை எடுப்பதும் மீள இடுவதும் வேறு பெயரில் நிகழ்வதே இது.

ஆயினும் ஒற்றைப் பாதையில் இது மாத்திரம் போதாது. வாழைச்சேனையிலிருந்து ஒரு வண்டி புணானை நோக்கியும், வெலிக்கந்தையிலிருந்து மற்றொன்று அதே புணானை நோக்கியும் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இடையிலே விலகி நிற்கும் பக்கப்பாதை உண்டேல் இரண்டும் அங்கே ஒன்றையொன்று கடந்து செல்லலாம். அதற்குப் பதிலாக, முன்னுள்ள துண்டம் வெறுமையாக உள்ளது என்பதை மட்டும் பார்த்து ஒரு வண்டி விலகுமிடத்தையும் தாண்டிச் சென்றுவிட்டால், இரண்டும் எதிரெதிரே நின்று எவ்வழியும் செல்லமுடியாத முட்டுக்கட்டை உண்டாகும். மோதல் நிகழாது, ஆனால் ஓட்டமும் நின்றுவிடும். இதனைத் தவிர்ப்பதற்கு ஓப்பன் றெயில்ஸ் ஓர் உபாயம் செய்கின்றது. வண்டிகள் செல்லவேண்டிய முழு வழியையும் முன்னரே ஒப்பிட்டு, எவ்விரு வண்டிகளின் வழிகள் எதிர்த்திசையில் ஒரே தண்டவாளத்தின்மீது விழுகின்றன எனக் கண்டு, அப்பகுதியின் இரு முனைகளிலும் ஒரு காவற்குறி இட்டுவைக்கின்றது. ஒன்று அப்பகுதியினுட் புகுந்தவுடன் மற்ற முனையிலுள்ள காவல் விழித்துக்கொள்ள, அங்குள்ள சமிக்ஞை எதிர்வண்டியைத் தடுத்து நிறுத்திவிடும். ரையரின் வில்லை செய்வதும் இதுவே. வேறுபாடு யாதெனின், வில்லையைத் தருவதற்கு முன் இரு மனிதர் ஒருவரையொருவர் கேட்டு இசையவேண்டும். கணினியில் அவ்விருவர்க்கும் இடமில்லை. மட்டக்களப்புப் பாதையின் உயிர்நாடியாகிய மணியொலியும் வளையமும் திரையிற் காணப்படாது போவதற்கு இதுவே காரணம். கண்ணாற் பார்த்து மகிழ்வதற்கு ஒரு வளையத்தை வரைந்து வைக்கலாம். அதற்கு வேலை எதுவும் இராது.

சிவப்பைத் தாண்டினால் என்ன நிகழும்? பாவனையில் வண்டி ‘கட்டுப்பாடிழந்தது’ எனக் குறிக்கப்பட்டு, அவசர பிறேக் தானே விழும். முறையான காரணம் உண்டேல், சிவப்பின் முன் நின்று, ஒரு விசையை அழுத்திக் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி கோரலாம். உண்மையான பாதையிலும் பழுதடைந்த சமிக்ஞையைக் கடப்பதற்கு உரிய அதிகாரம் பெற்றே ஆகவேண்டும். சாரதி தம் துணிவாற் கடத்தல் இல்லை. திரையில் ஓட்டுபவர் அனுமதி வராவிடின் சினந்து விளையாட்டை மூடிவிடலாம். மழையிரவிற் புணானைக் காட்டிலே கைகாட்டியின் முன் நிற்கும் சாரதிக்கு அவ்வசதி இல்லை.

இனி வேக எல்லையை நோக்குவாம். சமிக்ஞை முன்னேயுள்ள வண்டியைப் பற்றிப் பேசுவது. வேக எல்லை தண்டவாளத்தைப் பற்றிப் பேசுவது. வளைவு, பாலம், தேய்ந்த கட்டைகள், கிளைப்பாதையின் நாக்கு, மனிதர் கடக்கும் வாயில் ஆகிய இவையே எல்லைக்குக் காரணங்கள். பாவனையில் ஒரு கணத்தில் அனுமதிக்கப்படும் வேகம் பல எல்லைகளுட் சிறியதாகும். பாதை முழுவதற்கும் விதித்த உச்ச வேகம் ஒன்று. வழியோரத்துக் கம்பப் பலகை கூறுவது ஒன்று. கடந்துவந்த சமிக்ஞை தன் நிலையோடு சேர்த்துக் கூறியது ஒன்று. தற்காலிகமாக விதிக்கப்பட்டது ஒன்று. இவற்றுள் மிகக் குறைந்தது எதுவோ அதுவே ஆட்சி செய்யும். ஓட்டுவோர் விரும்பினால் ஒரு விசையால் வழிகாட்டும் பட்டியொன்றைத் திறந்து, அடுத்து வரும் சமிக்ஞை, அடுத்த எல்லை, அவற்றின் தூரம் யாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். உண்மைச் சாரதிக்கு அப்பட்டி அவருடைய நெஞ்சில் உள்ளது. எந்தப் பனைமரத்தின் அருகே பிறேக்கைத் தொடவேண்டும் என்பதை அவர் பலமுறை ஓடியே கற்றுக்கொண்டார்.

இவ்விடத்திற் புதியோர் பெரிதும் தவறும் நுட்பமொன்று உண்டு. குறைந்த வேகம் விதித்த இடம் தொடங்கும்பொழுது எஞ்சினின் முகப்பு அங்கே சேருமுன் வேகம் குறைந்திருக்கவேண்டும். அவ்விடம் முடியும்பொழுதோ, எஞ்சின் கடந்தது போதாது. கடைசிப் பெட்டியும் கடந்தபின்னரே வேகத்தைக் கூட்டலாம். மணிக்கு 20 கிலோமீற்றர் எல்லையுள்ள பாலமொன்றை 200 மீற்றர் நீளமுள்ள வண்டி கடக்கின்றது எனின், எஞ்சின் பாலத்தின் முடிவைத் தாண்டியபின்னும் 36 செக்கன்கள் பொறுமையாக இருத்தல் வேண்டும். ஓப்பன் றெயில்ஸ் இதனைக் கணித்து, வண்டியின் வால் நீங்கும்வரை பழைய எல்லையையே காட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் தம் கண்ணுக்கு வெளியான பாதை தெரிவதைக் கண்டு வேகத்தைக் கூட்டினால், குற்றப்பதிவில் அது ஏறிவிடும். ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் நீண்ட காலம் புகையிரதமும் தெருவாகனங்களும் ஒரே பாலத்தையே பயன்படுத்தின. இருமுனையிலும் வாயிலை அடைத்து வாகனங்களை நிறுத்தியபின்னரே வண்டி ஊர்ந்து கடந்தது. மன்னம்பிட்டியிலே தெருவுக்கெனத் தனிப்பாலம் 2007 இலேயே திறக்கப்பட்டது. அக்காலத்தில் அங்கே பஸ்ஸினுட் காத்திருந்தோர், இத்தனை மெதுவாகவா ஒரு வண்டி போகும் என்று அலுத்துக்கொண்டிருப்பர். அவர்கள் எண்ணியது எஞ்சினை; சாரதி எண்ணியது கடைசிப் பெட்டியை.

வேக எல்லை இயந்திரத்தின்பொருட்டும் தண்டவாளத்தின்பொருட்டும் மட்டுமே உண்டானது என்று கருதுதல் மட்டக்களப்புப் பாதைக்குப் பொருந்தாது. ஹபரணை, கல் ஓயா, மின்னேரியாப் பகுதிகளிற் பாதை யானைக் காட்டினூடு செல்கின்றது. 2018 செப்ரெம்பரில் ஹபரணைக்கு அண்மையில் எரிபொருள் வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 ஒக்ரோபரில், மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றிவந்த வண்டி மின்னேரியாப் பகுதியில் யானைக்கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரி 20 ஆந் திகதி விடியுமுன், ஹபரணைப் பகுதியிற் பிரயாணிகள் வண்டியொன்று கூட்டத்தோடு மோத ஆறு யானைகள் மாண்டன; வண்டியும் தடம்புரண்டது. இவ்விடங்களில் வண்டியை மெதுவாக விடவேண்டும் என்பது அடிக்கடி எழும் கோரிக்கை. வேகக் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன.

மேற்கூறிய கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். எஞ்சினின் விளக்கொளியில் 150 மீற்றர் தூரத்தில் யானை தென்படுகின்றது என்றும், சாரதி உணர்ந்து செயற்பட 2 செக்கன்கள் ஆகும் என்றும் கொள்வோம். 40 கிலோமீற்றர் வேகத்தில், அவ்விரண்டு செக்கன்களில் 22 மீற்றரும் பின்னர் 123 மீற்றருமாக 145 மீற்றரில் வண்டி நிற்கும். யானை தப்பும். 60 கிலோமீற்றர் வேகத்தில் மொத்தம் 311 மீற்றர் வேண்டும். சாரதி தம்மால் இயன்ற யாவும் செய்தும், யானையை அடையும்பொழுது வண்டி ஏறத்தாழ 46 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். அதாவது கால்வாசி வேகமே குறைந்திருக்கும். வளைவிலும் மழையிலும் 150 மீற்றர் தெரியாது; எரிபொருள் வண்டி போன்ற பாரவண்டி அரை மீற்றர் வீதத்திலும் குறையாது. ஆகவே சாரதியின் விழிப்பையோ கவனக்குறைவையோ பேசுமுன், அவருக்கு விதிக்கப்பட்ட எண்ணைப் பற்றியே முதலிற் பேசவேண்டும். சரியான எண் விதிக்கப்படாத இடத்தில் மிகச் சிறந்த சாரதியும் யானையைக் காத்தல் இயலாது.

எனின், எங்கும் 20 கிலோமீற்றர் என்று விதித்துவிட்டால் என்ன? இங்கேதான் வேக எல்லையும் சமிக்ஞையும் ஒன்றோடொன்று பிணைகின்றன. பத்துக் கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு துண்டத்தை 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி 10 நிமிடத்திற் கடக்கும். 20 கிலோமீற்றர் வேகத்தில் 30 நிமிடம் ஆகும். அவ்வரைமணி நேரம் முழுவதும் வில்லை வெளியே இருக்கும். மறுமுனையில் எதிர்வண்டி காத்திருக்கும். அது தாமதித்ததனால் அதற்கடுத்த துண்டத்தில் வேறொன்று காத்திருக்கும். கல் ஓயாவில் தொடங்கிய தாமதம் மட்டக்களப்பு மேடையில் விடியற்காலையில் உறவினரை எதிர்பார்த்து நிற்போரிடம் வந்து முடியும். பாவனையிலே இதனை எவரும் ஒரு மாலைப்பொழுதிற் பரிசோதித்து அறியலாம். எல்லையை மாற்றி மாற்றி இட்டு, எதிர்வண்டிகள் எங்கெங்கே எத்தனை நிமிடம் தேங்குகின்றன என்று காணலாம். கணித ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் இதனைச் செய்துகாட்டுவாராயின், நேரமும் தூரமும் என்னும் பாடத்துக்கு இதனினும் நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஆனால் அவ்வாறு செய்யப் புகுவோர் ஒரு தடையை எதிர்கொள்வர். தற்காலிக வேக எல்லையை இம்மென்பொருள் ஏற்கும் முறை குறுகியது. ஓட்டத்துக்குரிய கோப்பில், எல்லை தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் குறிக்கலாம். எத்தனை இடங்களிலும் குறிக்கலாம். எச்சரிக்கைப் பலகையைக் கணினி தானே அதிகபட்சம் 2000 மீற்றர் முன்பாக நட்டுவைக்கும். ஆயின் எத்தனை கிலோமீற்றர் வேகம் என்னும் எண் ஓட்டத்தின் கோப்பில் இல்லை. பாதையின் கோப்பில் ஒன்றே ஒன்றாக உள்ளது. மின்னேரியாவில் 40 என்றும் ஹபரணையில் 20 என்றும் வேறுவேறாக இடுதல் இயலாது. அன்றியும், யானை மாலையிலும் இரவிலும் கடப்பது. பகல் வண்டிக்கு வேண்டாத எல்லை இரவு வண்டிக்கு வேண்டும். ஒரே ஓட்டத்தில் நேரத்துக்கேற்ப எல்லையை மாற்றும் வழி அக்கோப்பில் இல்லை. மட்டக்களப்புப் பாதையைத் திரையில் ஆக்க விரும்புவோர், பகலுக்கு ஓர் ஓட்டமும் இரவுக்கு ஓர் ஓட்டமுமாக இரண்டு கோப்புகள் எழுதி, இரவுக் கோப்பிலே மட்டும் காட்டுப்பகுதியின் இருமுனையையும் குறிக்கவேண்டும். இடத்துக்கிடம் எண் வேறுபடவேண்டிய நிரந்தர எல்லைகளை வழியோரக் கம்பப் பலகைகளாக நட்டுவிட்டு, அந்த ஒற்றை எண்ணை யானைக்கென ஒதுக்கிவைத்தல் தகும்.